அரைக்கால் வேலியின் விலை

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதை ஒட்டியிருக்கும் சிறிய ஊர் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஐதீகம். விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். தாயாருக்கு மரகதவல்லி என்று திருநாமம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. பிள்ளைப்பேறு வேண்டுகிற பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இங்கே படுப்பார்கள். பயறு முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

கோயிலுக்குப் போகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புவார்கள். சரித்திரம் தேடிப் போகிறவர்கள் ஊரையே சேவித்துக்கொண்டு நிற்பார்கள். ஏனென்றால் திருப்புட்குழியின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் ஏட்டில் ஏறியிருக்கிறது. யாதவப் பிரகாசர் என்ற பேராசிரியர் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த இடம் இது. அவரிடம் பாடம் கேட்க ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவர்தான் இராமாநுசர். குரு சொன்ன பொருளைச் சிஷ்யரின் மனம் ஒப்பவில்லை, கண்ணீர் பெருகிற்று, குருவுக்கும் சிஷ்யருக்கும் பிணக்கு மூண்டது. அந்தப் பிணக்கிலிருந்து ஒரு பெரிய சமய இயக்கமே கிளம்பியது. இந்தக் கதை வைணவர் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும்.

நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. கொஞ்சம் லௌகீகமான கேள்வி. பாடசாலை என்றால் ஆசிரியர் சாப்பிட வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். வேதாந்த விசாரம் எவ்வளவு உயரத்தில் நடந்தாலும் அடுப்பு தரையில்தான் எரிகிறது. அந்த அடுப்புக்கு அரிசி எங்கிருந்து வந்தது? திருப்புட்குழிப் பாடசாலையின் கணக்கு நம் கைக்கு வரவில்லை. ஆனால் பக்கத்து ஊர்களின் கணக்கு கல்லிலே வெட்டிக் கிடக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போய்ப் பாருங்கள். வீரராசேந்திர சோழன் காலத்தில், சுமார் 1068-ஆம் ஆண்டில், அங்குள்ள பெருமாள் கோயிலில் ஒரு நீண்ட சாசனம் பொறித்தார்கள். அந்தக் கோயில் ஒரு கல்லூரியை நடத்தியது. மாணவர்களுக்கு விடுதி நடத்தியது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றும் நடத்தியது. ஆசிரியருக்கு எத்தனை நெல், மருத்துவருக்கு எத்தனை நெல், மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எவ்வளவு எண்ணெய் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. இத்தனைக்கும் முதல் எது? நிலம்தான். வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இந்தக் காரியத்துக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. வயலில் நெல் விளைந்தால் விடுதியில் சாத்திரம் விளையும். ஏரி உடைந்தால் வியாகரணமும் உடையும்!

நிலம் கல்வியைப் போஷித்தது என்பது ஒரு பாதி. மற்றப் பாதியை அறியக் காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூருக்குப் போக வேண்டும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை முறையை வகுத்து எழுதி வைத்தார்கள். மேடைகளில் இதைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த விதிகளுக்குள் ஒரு நுட்பமான கணக்கு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் ஒருவன் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதப் பயிற்சி இருக்க வேண்டும். அத்துடன் வரி செலுத்துகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சரி, நிலம் குறைவாக இருந்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரு வேதத்தையும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றையும் கற்று, அதைப் பிறருக்கு விளக்கவும் வல்லவனானால் அரைக்கால் வேலி இருந்தாலே போதும்.

கால் வேலியில் பாதி அரைக்கால் வேலி. தஞ்சைப் பக்கத்து வழக்கில் ஒரு வேலி 6 ஏக்கர் 67 சென்ட் என்று கொண்டால், கால் வேலி ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அரைக்கால் வேலி முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது, நல்ல படிப்பு ஒன்றுக்கு அந்தச் சபை போட்ட விலை அரைக்கால் வேலி நிலம். கல்வியும் ஒரு சொத்துதான், அதை நிலத்துக்கு ஈடாக எண்ணிக் கணக்கில் சேர்க்கலாம் என்று பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒரு கிராமம் கல்லில் எழுதி வைத்துவிட்டது. மனிதன் பெறுகிற கல்வியும் ஒரு மூலதனம் என்று விரித்துச் சொன்ன அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸுக்கு 1979-ல் நோபெல் பரிசு கொடுத்தார்கள். உத்தரமேரூர்ச் சபையாருக்குப் பரிசு கொடுக்க ஸ்டாக்ஹோமில் அப்போது யாரும் இல்லை!

ஆனால் நேயர்களே, பெருமையை இங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் நியாயம். கல்வெட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நிலம் குறைந்தால் படிப்பு ஈடுகட்டும் என்கிறது. நிலமே இல்லாதவனுக்கு? படிக்கவே இடமில்லாதவனுக்கு? அவனைப் பற்றிக் கல் பேசவில்லை. அது ஒரு சதுர்வேதி மங்கலம், அந்தணர் சபை. அந்தக் கால் வேலியில் ஏர் பூட்டியவன், நாற்று நட்டவள், ஏரி மதகைத் திறந்தவன் ஆகியோரின் பெயர்கள் எந்தக் குடத்திலும் விழவில்லை. நிலம் கல்வியை வாங்கியது, கல்வி நிலத்தைக் காப்பாற்றியது. இரண்டும் ஒரே வீட்டுக்குள் கைகோத்துச் சுற்றின. வாசலுக்கு வெளியே நின்றவனுக்கு இரண்டும் இல்லை.

காஞ்சிச் சீமையின் பொருளாதாரச் சரித்திரம் முழுவதும் இந்த வாசலின் சரித்திரம் என்றே சொல்லலாம்.

சோழர் போயினர், விஜயநகரத்தார் வந்தனர், நவாபுகள் வந்தனர். 1763-ல் ஆர்க்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாங்கிய சொத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வியாபாரியின் சுபாவமல்லவா? தாமஸ் பர்னார்டு என்ற இஞ்சினீயரை விட்டு, 1767 முதல் சில ஆண்டுகள் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களின் கணக்கு அது. களத்திலே நெல் அளக்கும்போது யார் யாருக்கு எவ்வளவு பங்கு போயிற்று, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு மானியம் இருந்தது என்பதெல்லாம் அதில் வந்திருக்கிறது. கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, வாத்தியாருக்கு என்று விளைச்சல் பிரிந்து போயிருக்கிறது. திருமுக்கூடல் சாசனத்தின் கணக்கு ஏழு நூற்றாண்டு கழித்தும் வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கும்பினியார் மேல்வாரத்தைக் கறாராக வசூலிக்கத் தொடங்கினார்கள். பல மானியங்கள் சர்க்கார் வரிக்குள் போயின. இந்த நிலைமையில்தான் 1822-ல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ சென்னை ராஜதானி முழுவதும் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னார். ஜில்லாக் கலெக்டர்கள் எண்ணி அனுப்பிய தொகையை வைத்து 1826-ல் அவர் ஒரு குறிப்பு எழுதினார். ராஜதானியில் 12,498 பள்ளிகள். 1,88,000-க்கு மேற்பட்ட மாணவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. செங்கற்பட்டு ஜில்லாவில் மட்டும் 508 பள்ளிகள். அவற்றுக்கு மேலே உயர்கல்வி போதிக்கும் இடங்கள் 51. தமிழ் ஜில்லாக்களின் திண்ணைப் பள்ளிகளில் அந்தணர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்பதும் அந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. தரம்பால் என்ற ஆராய்ச்சியாளர் இந்தத் தஸ்தாவேஜுகளைத் திரட்டி 1983-ல் நூலாக வெளியிட்டபோது படித்தவர்கள் பலரும் திகைத்துப் போனார்கள்.

திகைக்க வேண்டியதுதான். ஆனால் அதே பட்டியலின் தலைப்புகளையும் பார்க்க வேண்டும். அந்தணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று தனித்தனிக் கட்டங்கள். சேரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டம் கிடையாது; ‘மற்ற எல்லாச் சாதிகளும்’ என்ற ஒரே கட்டத்தில் எல்லாம் அடக்கம். பெண் குழந்தைகளின் தொகையோ மிக அற்பம்.

அந்த விசாரணையின் பதில்களில் ஒன்று நெசவாளர் ஊரான காஞ்சிக்காரர்கள் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது. 1823-ல் பல்லாரிக் கலெக்டராக இருந்த காம்பெல், பள்ளிகள் தேய்ந்து போவதன் காரணத்தை ஒளிக்காமல் எழுதினார். ஜனங்கள் ஏழையாகிவிட்டார்கள், ஐரோப்பியத் துணிகள் வந்து இந்தியப் பருத்தித் துணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கைத்தொழில் செய்கிறவர்களின் வருமானம் குன்றிவிட்டது, அதனால் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லை என்றார். தறி நின்றதும் திண்ணைப் பள்ளியும் நின்றது. படிப்பு இல்லாததால் வறுமை வந்தது என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். இங்கே முதலில் வந்தது வறுமை. படிப்பு பின்னால் போயிற்று.

இனி நிலத்துக்கு வருவோம். செங்கற்பட்டுச் சீமையில் நில உரிமைக்கு மிராசு என்று பெயர். எல்லிஸ் துரை அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 1818-ல் அச்சாயிற்று. மிராசுதாரர் பெரும்பாலும் வேளாளர், அந்தணர். அவர்களிடம் படியாட்களாக உழைத்தவர்கள் பெரும்பாலும் சேரி மக்கள். ஊரில் தரிசு கிடந்தால், அதை வேண்டித் தர்க்காஸ்து போடலாம். ஆனால் முதல் சலுகை மிராசுதாரருக்கு. சேரியிலிருந்து ஒருவன் துணிந்து தர்க்காஸ்து கொடுத்தால் என்ன ஆகும்? அவன் குடிசை போட்டிருக்கிற மனையும் மிராசுதாரருடையது. “நிலமா கேட்கிறாய்? முதலில் குடிசையைப் பிரி!” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. வாசற்படியோ வேறொருவர் வசம் இருந்தது.

இந்த ஜில்லாவுக்குக் கலெக்டராக வந்தவர் ட்ரெமன்ஹீர். அவருக்கு முன்னும் அவர் காலத்திலும் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் சேரிகளின் நிலைமையைச் சர்க்காருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ட்ரெமன்ஹீர் தாமே விசாரித்து, 1891 அக்டோபரில் ஓர் அறிக்கை தயாரித்தார். செங்கற்பட்டு ஜில்லாச் சேரி மக்களைப் பற்றிய அறிக்கை அது. கடன், அடிமைத்தனத்தை ஒத்த பண்ணை வேலை, சொந்தமில்லாத மனை, தண்ணீர் இல்லாத வாழ்வு எல்லாவற்றையும் எழுதினார். பரிகாரமும் சொன்னார்: மனை கொடுங்கள், நிலம் கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள்.

கவனியுங்கள், நேயர்களே! மூன்றையும் சேர்த்துத்தான் கேட்டார். ரெவின்யூ போர்டார் முதலில் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி உத்தரவு பிறந்தது. தரிசு நிலங்களில் ஒரு பகுதியைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கலாயிற்று. முதல் பத்து ஆண்டுகள் அந்த நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அதே வகுப்பைச் சேர்ந்தவர்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. பிற்காலத்தில் இவற்றுக்குப் பஞ்சமி நிலம் என்று பெயர் வழங்கிற்று. ராஜதானி முழுவதும் ஒதுக்கியது 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கணக்கு.

நிலம் வந்தது. பள்ளிக்கூடம் ஏறத்தாழ வரவே இல்லை. அங்கங்கே மிஷன் பள்ளிகள் இருந்தன. சென்னையில் 1894-ல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சர்க்கார் தொழிலாளர் இலாகா அமைத்துச் சேரிகளுக்கு மனையும் கிணறும் பள்ளியும் கொடுக்கும் வேலையை 1920-ஐ ஒட்டித்தான் கையில் எடுத்தது. இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது.

அந்தத் தலைமுறையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். பட்டா என்பது காகிதம். காகிதத்தில் இருந்த நிபந்தனை கச்சேரியில் இருந்தவருக்குத் தெரியும், பட்டாதாரனுக்குத் தெரியாது. மழை பொய்த்த வருஷம் நெல் கடன் வாங்கினான். ஈடாகக் காகிதத்தைக் கொடுத்தான். கட்டை விரலில் மை தடவி ஒரு தாளில் அழுத்தினான். அந்தத் தாளில் எழுதியிருந்தது அடமானமா, கிரயமா என்பதை அவனுக்கு யார் படித்துச் சொல்வார்கள்? எழுதியவர்தான் சொல்ல வேண்டும்! இப்படிக் கிரயமாயிற்று பல ஏக்கர். சட்டப்படி செல்லாத விற்பனை. ஆனால் செல்லாது என்று வாதாட எழுத்து வேண்டும், எழுத்தறிந்த ஒரு மகன் வேண்டும், கோர்ட்டுக்குப் போகக் காசு வேண்டும்.

உத்தரமேரூர்க் கணக்கைத் திருப்பிப் போட்ட கதை இது. அங்கே படிப்பு இருந்தால் நிலத்தின் குறை தீரும் என்றார்கள். இங்கே நிலம் இருந்தும் படிப்பின் குறை தீரவில்லை, நிலமே போய்விட்டது.

அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை. செங்கற்பட்டை அடுத்த காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டம் மூண்டு, 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் இறந்தார்கள். 1892-ஆம் ஆண்டு உத்தரவை எடுத்துப் படித்து, இது எங்கள் நிலம் என்று சொல்லத் தெரிந்த தலைமுறை அது. சொல்லத் தெரிவதற்கு நூறு வருஷம் ஆயிற்று.

இதே ஜில்லா மதுராந்தகத்துக்கு அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் என்ன செய்தார் என்று பாருங்கள். படித்தார், 1893-ல் பத்திரிகை தொடங்கினார், சட்டசபைக்குப் போனார், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானம் 1924-ல் நிறைவேற முன் நின்றார், 1930-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் உட்கார்ந்து பேசினார். தெருவில் நடக்க உரிமை வேண்டும் என்று அவர் போராடியதற்கும் நம் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பள்ளிக்கூடம் ஊர்த் தெருவில் இருக்கிறது. தெருவில் நடக்க முடியாத பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்?

இதுவரை வயலைப் பற்றியே பேசினோம். காஞ்சிச் சீமையில் வயலுக்கு நிகராகத் தறியும் உண்டு. நெசவாளிக்கு ஏது நிலம்? வீட்டுக்குள் குழித்தறி போட்டிருக்கிற அந்தக் குழிதான் அவனுடைய காணி! காஞ்சிப் பட்டின் அழகு கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பல்லுக்குப் பல் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாடா போதாது. இந்தப் பக்கம் நெசவாளி இருந்தால் அந்தப் பக்கம் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. கலியாணப் புடவையின் கரையை நாம் தடவிப் பார்த்து மகிழ்கிறோமே, அந்தக் கரை ஓரத்தில் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்த காலம் வெகு நாள் நீடித்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையும் வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமையாக உழைத்த குழந்தைகளைப் பற்றி 2003-ல்கூட ஒரு சர்வதேச மனித உரிமை நிறுவனம் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் முயன்றதில் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது.

நெசவுக் குடும்பத்தில் பிறந்து படித்தவருக்குக் காஞ்சியிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1909-ல் பிறந்த அண்ணாதுரை, குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். பிறகு மறுபடி படித்துச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றார். நாட்டுக்கு முதலமைச்சரும் ஆனார். ஆனால் ஓர் அண்ணாதுரையைக் காட்டி மற்றவர்களை ஏன் வரவில்லை என்று கேட்பது, வறுத்த பயறு திருப்புட்குழியில் ஒருமுறை முளைத்ததைக் காட்டி, எல்லா வயலிலும் வறுத்த விதையைத் தூவச் சொல்வது போலாகும். அருள் ஒரு விஷயம். வேளாண்மை வேறு விஷயம். ஊர் முழுவதும் முளைக்க வேண்டுமானால் ஈர மண்ணும் உயிருள்ள விதையும் வேண்டும்.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைப் பற்றி எழுந்த பெரும் சண்டை இதனால்தான். கிராமப் பள்ளியில் மூன்று மணி நேரப் படிப்பு, மிச்சப் பொழுதில் பெற்றோரின் தொழில் என்பது திட்டம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் வாதம். அதில் சிக்கனம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிலமுள்ள தகப்பனின் தொழிலும், படியாளின் தொழிலும் ஒன்றா? முதலாமவன் பிள்ளைக்கு அரை நாள் தொழில் சொத்தைப் பழகுவது. இரண்டாமவன் பிள்ளைக்கு அது அடிமைத்தனத்தைப் பழகுவது. 1954-ல் காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தது ஒரு விசித்திரமான வருஷம்: 1956. அந்த வருஷம் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது. வினோபா பாவே வந்தார். நிலமுள்ளவர்கள் நிலமில்லாதவர்களுக்குப் பூதானம் செய்ய வேண்டும் என்று கேட்டார். அதே வருஷம் காமராஜர் அரசு பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. ஒருவர் நிலம் கேட்டார், ஒருவர் சோறு போட்டார். எது வேர் பிடித்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். மனம் கனிந்து நிலத்தைக் கொடுக்கிறவர்கள் சிலர். ஒரு பிடி சோற்றைக் கொடுத்துப் பிள்ளையைத் தறியிலிருந்தும் களத்திலிருந்தும் பள்ளிக்கு அழைத்துவர ஓர் அரசாங்கம் நினைத்தால் முடியும்.

அப்போது கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் அவர் சொந்த ஊர். 1958-ல் இந்த ஜில்லாவின் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. ஊர் ஜனங்கள் பலகை கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், கட்டடம் எழுப்ப நிலமும் கொடுத்தார்கள். கும்பினியார் காலத்தில் கரைந்துபோன வாத்தியார் மானியம் மறுபிறவி எடுத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: இந்தத் தடவை வாசற்கதவு சேரிக்கும் திறந்திருந்தது.

நிலச் சீர்திருத்தமும் சட்டப் புத்தகத்தில் ஏறாமலில்லை. 1961-ல் உச்சவரம்புச் சட்டம் வந்தது; குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். ஆனால் உபரி நிலம் பங்குபோவதற்கு முன்பே காகிதத்தில் பல பெயர்களாகப் பிரிந்துகொண்ட கதை ஊர் அறிந்தது. எழுத்தறிந்தவர்களுக்குச் சட்டம் எப்போதும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

நிலமும் படிப்பும் ஒரே சமயத்தில் எல்லோர் வீட்டுக்கும் போன தேசங்கள் உண்டா? உண்டு. ஜப்பான் யுத்தத்தில் தோற்றுக் கிடந்தபோது, 1946-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. குத்தகைக்காரர்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டே, 1947-ல், ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வி வந்தது. தென்கொரியா 1950-ல் நிலத்தைப் பங்கிட்டது, தைவான் 1953-ல். கொரியாவில் ஒரு வேடிக்கையான சொல் வழங்குகிறது. சர்வகலாசாலையைத் தந்தக் கோபுரம் என்று மேனாட்டார் சொல்வார்கள் அல்லவா? கொரியர்கள் அதை மாட்டெலும்புக் கோபுரம் என்று கேலியாகச் சொன்னார்கள். குடியானவன் உழவு மாட்டை விற்றுப் பிள்ளைக்குச் சம்பளம் கட்டுவான். அந்த மாடுகளின் எலும்பால் எழுந்த கோபுரம் என்று அர்த்தம். கேலிக்குள் ஓர் உண்மை இருக்கிறது. விற்க அவனுக்கென்று ஒரு மாடு இருந்தது. மாடு நிற்க ஒரு துண்டு நிலம் இருந்தது. நம் படியாளுக்கு விற்பதற்கு என்ன இருந்தது? தன் உழைப்பு ஒன்றுதான். அதையும் முன்பணத்துக்கு முன்னமே விற்றுவிட்டான்.

இன்றைக்குத் திருப்புட்குழிப் பக்கம் போகிறவர்கள் காணும் காட்சி வேறு. பாலுசெட்டி சத்திரத்தின் வழியே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அதற்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கொரிய தேசத்து ஹூண்டாய் கம்பெனியின் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன் பின்னே எத்தனையோ ஆலைகள் வந்தன. 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் மூடியும் போயிற்று. மாட்டை விற்றுப் படித்த கொரியாக்காரரின் பேரன், நம் ஊருக்கு வந்து வேலை கொடுத்தான்!

அந்த வேலைக்கு யார் போனார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். சாலையோரம் நிலம் வைத்திருந்தவர்கள் நல்ல விலைக்கு விற்றார்கள். விற்ற பணத்தைப் பிள்ளைகளின் படிப்பில் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள்; வீடாகவும் விருந்தாகவும் கரைத்தவர்கள் தங்கள் பழைய வயலில் எழுந்த ஆலைக்குக் காவல்காரராகப் போனார்கள். நிலமே இல்லாத வீடுகளில், மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் பிளஸ் டூவும் ஐ.டி.ஐ.யும் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். பெண்களும் ஏறினார்கள். அவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ்தான் அரைக்கால் வேலி.

இதைக் கண்டு, இனி நிலம் எதற்கு, படிப்பு ஒன்றே போதும் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். அவசரப்பட வேண்டாம் என்பதே என் எண்ணம். ஒப்பந்தக் கூலியாகப் பஸ் ஏறினவன் ஆலை மூடிய மறுநாள் எங்கே திரும்புவான்? கால் ஊன்ற ஒரு மனை, அவசரத்துக்கு ஈடு வைக்க ஒரு சொத்து, மகளின் மேல்படிப்புக்குப் பாங்கியில் காட்ட ஒரு பத்திரம் எல்லாம் நிலத்திலிருந்துதான் வருகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இருவர்: ஒருவனுக்கு அப்பா விட்டுப்போன ஓர் ஏக்கர் இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை. முதல்வன் ஒரு வருஷம் காத்திருந்து தக்க வேலையைத் தேடுவான். இரண்டாமவன் கிடைத்த வேலையில் அடுத்த நாளே சேருவான். மார்க் ஷீட்டில் இருவரும் சமம், வாழ்க்கையில் சமமல்ல.

ட்ரெமன்ஹீர் என்ற அந்நியர் 1891-ல் மனை, நிலம், பள்ளி என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். அதற்குப் பின் வந்த அரசுகள் ஒன்றைக் கொடுத்தபோது ஒன்றை மறந்தன. இந்தச் சீமை அடைந்த முன்னேற்றம் பெரிது. அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. பாக்கி நிற்கும் கணக்கு நிலத்தில் இருக்கிறது. பஞ்சமி நிலங்களின் பதிவேடுகள் தாலுகாக் கச்சேரிகளில் இன்னும் இருக்கின்றன. இன்று அவற்றை எடுத்துப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்தந்தச் சேரிகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய முறை கச்சேரியினுடையது.